எந்தத் தெரு முனிராஜ்?

அந்த ஃபங்ஷனை எத்திராஜ் எழுதியது 2018ஆம் ஆண்டு மார்ச் 14, புதன்கிழமை. மென்பொருளுக்குள் ஒரே ஒரு வேலையைச் செய்கிற துண்டு, மொத்தம் இருபத்து மூன்று வரிகள். ‘ஃபைண்ட் பேஷண்ட்’, அதாவது ‘நோயாளியைக் கண்டுபிடி’ என்று அதற்குப் பெயர் வைத்தார். ஒருவருடைய பெயர், வயது, ஃபோன் நம்பர் மூன்றையும் கொடுத்தால் பதிவேட்டிலிருந்து அந்த நோயாளியை எடுத்துத் தரும். ஒரே ஒருவரைத் தரும். கேட்டால் ஒரு பதில், அவ்வளவுதான். அதுதான் அதன் அழகு என்று அவர் ஆறு வருஷம் நினைத்திருந்தார்.

கன்னடத் தலைநகரின் அடுகோடிப் பகுதியில், ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அவர் வேலை பார்த்த நிறுவனம். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறிய இடம், இருபத்தேழு பேர். பதிவுத் திரையை ஒருவர் எழுதுவார், ரிப்போர்ட் திரையை இன்னொருவர் எழுதுவார். எல்லாத் திரைகளுக்கும் பொதுவாக வேண்டியிருந்த வேலைகளை எத்திராஜ் ஒரு லைப்ரரியாகத் தொகுத்து வைத்திருந்தார். அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதுமில்லை. பெயரைப் பார்ப்பார்கள், நம்புவார்கள், எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆகவே லைப்ரரியில் பெயர்தான் முக்கியம். புதிதாகச் சேருகிறவர்களிடம் இதை எத்திராஜே முதல் நாளில் சொல்வார்.

பெயர் விஷயத்தில் அவர் கறார். யாராவது ‘டேட்டாவைக் கவனி’ என்பது போல ஒன்றும் சொல்லாத பெயரை வைத்துக்கொண்டு வந்தால், “உனக்குப் புள்ள பொறந்தா ‘புள்ள’ன்னே பேர் வெப்பியா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆபீஸில் அவருக்கு ‘நாமகரணம்’ என்று பட்டப்பெயர் உண்டு. அது தன் காதில் விழும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை அவர் மறைத்ததில்லை.

அவர் பிறந்தது 1981இல், ஸ்ரீராம்புரத்தில். அப்பா மாநகரத் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடும் வால்வுமேன். எத்திராஜ் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 2009 ஆகஸ்டில் இந்த நிறுவனத்தில் சேர்ந்தவர் வேறெங்கும் போகவில்லை. கூட இருந்தவர்கள் வெள்ளைக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போனார்கள். அவர் டயர் கடை மாடியிலேயே இருந்தார். ரப்பர் வாடை சட்டையில் ஏறியிருக்கிறது என்று மனைவி வீணா சொல்வதுண்டு.

அந்த ஃபங்ஷனை அவர் அப்படி வடிவமைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2018 பிப்ரவரியில் அவர்களுடைய மென்பொருளை வாங்கிய ஒரு லேப், ஸ்ரீராம்புரம் கிளையின் கவுண்டரில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வரச் சொன்னது. எத்திராஜ் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தார். வரிசையில் இருபது பேர். ஒரு பெண் ரிப்போர்ட் வாங்க வந்தாள். அதே பெயரில் மூன்று பேர் இருந்ததால் கவுண்டரில் கேட்டார்கள்:

“வூட்டுக்காரர் பேரு?”

“அவரு இல்லம்மா.”

“இல்லன்னா? செத்துட்டாரா, போயிட்டாரா?”

வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எத்திராஜுக்கு முகம் எரிந்தது. தன் தெருப் பெண்களிடம் இப்படிக் கேள்வி கேட்காத ஒரு மென்பொருளை எழுதிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். கவுண்டரில் மூன்றே மூன்று விவரம். பிறகு கேள்வியே கூடாது.

மூன்று விவரங்களும் ஒத்துப்போகிற மாதிரி இரண்டு பேர் இருந்தால்? அதையும் யோசித்தார். கடைசியாக லேப்புக்கு வந்துபோனவரை எடுத்துத் தரும்படி ஒரு வரி எழுதினார். அப்படி இரண்டு பேர் அமைவதே அபூர்வம், அமைந்தாலும் பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். படித்தவர் அசோகன், அப்போது அடுத்த மேஜையில் இருந்தவர். அவர் அந்த வரிக்குக் கீழே இப்படிக் குறிப்பு எழுதினார்: “ரெண்டு பேர் இருந்தா கடைசியா வந்தவரைத் தர்றே. பேர்ல அது இல்லையே. எடுத்துப் போடறவனுக்கு எப்படித் தெரியும்? பேரை மாத்து, இல்லேன்னா ரெண்டு பேரையும் பட்டியலாக் குடு.”

எத்திராஜின் பதில் அன்று மாலை 5.52க்குப் பதிவாகியிருக்கிறது: “நல்ல பாயிண்ட். அடுத்த ரிலீஸ்ல பார்ப்போம்.”

குறிப்பு மூடப்பட்டது. அடுத்த ரிலீஸ், அதாவது மென்பொருளின் அடுத்த பதிப்பு, வந்தது. அதற்குப் பிறகு நாற்பத்தொரு ரிலீஸ்கள் வந்தன. அசோகன் 2019இல் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். ‘ஃபைண்ட் பேஷண்ட்’ அறுபத்து நான்கு இடங்களில் பயன்பட்டுக்கொண்டிருந்தது. பெயரை மாற்றினால் அறுபத்து நான்கும் உடையும். உடைப்பானேன் என்று இருந்துவிட்டார்.

ஆறு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது. ஸ்ரீராம்புரம் கவுண்டரில் அப்போது ஸ்வர்ணா என்ற பெண் வேலைக்கு வந்திருந்தாள். கேள்வி வேண்டாம் என்று மென்பொருள் சொன்னாலும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அச்சடித்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது, “எந்தத் தெரு முனிராஜ்? எந்தத் தெரு சாந்தி?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். தவறான ஆள் என்றால் அச்சடித்து வைத்த கட்டுகளில் தேடி வேறொன்றை எடுத்துத் தருவாள். எத்திராஜின் பிழையை ஸ்வர்ணா ஆறு வருஷம் தினமும் தன் வாயால் திருத்திக்கொண்டிருந்தாள். அது எந்தப் பதிவிலும் இல்லை.

2024 ஜூன் 3, திங்கள்கிழமை முதல் ரிப்போர்ட்டுகள் நேராக ஃபோனுக்குப் போக ஆரம்பித்தன. அந்தத் திரையை எழுதியவள் தர்ஷினி.

தர்ஷினிக்கு இருபத்து நான்கு வயது, ஊர் ஆரணி. ஜனவரி 8ஆம் தேதி சேர்ந்தவள். ஆறு மாதம் பார்த்துவிட்டு ஜூலை 5ஆம் தேதி வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கன்னடம் தெரியாமல் முதல் வாரம் தவித்தவளுக்கு, தமிழ் பேசும் எத்திராஜைக் கண்டதும் ‘அண்ணா’ என்று வாயில் வந்துவிட்டது. நான்கு மணிக்கு இருவரும் கீழே இறங்கி, மஞ்சுவின் டீக்கடையில் ‘பை டூ’ டீ சொல்வார்கள். ஒரு டீ, இரண்டு கிளாஸ். முழு டீ குடித்தால் இரவு தூக்கம் வராது என்பாள் அவள்.

மே 13ஆம் தேதி எத்திராஜ் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். லைப்ரரி முழுவதிலும் வரிகளின் ஓரத்தில் இடைவெளிகள் தாறுமாறாக இருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தச் சொன்னார். சுத்தம் செய்வதைத் தவிர வேறொன்றுமில்லை. அவள் இரண்டு நாளில் முடித்தாள். பதினோராயிரத்துச் சொச்சம் வரிகளையும் அவள் தொட்டிருந்தாள்.

இனி முனிராஜ் விஷயம். பிப்ரவரி 24ஆம் தேதி, அந்தப் பகுதியில் தெரு பெருக்கும் தொழிலாளர்களுக்கு லேப் ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தியது. முப்பத்தெட்டுப் பேர். வேலை நேரத்தில் பாதிப் பேரிடம் ஃபோன் இருக்காது என்பதால் எல்லோருக்கும் மேஸ்திரியின் நம்பரையே கொடுத்தார்கள். அந்த முப்பத்தெட்டில் எம். முனிராஜ் இரண்டு பேர். இருவருக்கும் வயது ஐம்பத்திரண்டு.

ஜூன் 8, சனிக்கிழமை இருவரும் மறுபடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள், ஒருவர் 7.20க்கு, மற்றவர் 8.05க்கு. சாயங்காலம் ரிப்போர்ட் அனுப்பும் திரை ‘ஃபைண்ட் பேஷண்ட்’டை இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் அது கடைசியாக வந்தவரை, 8.05 முனிராஜையே கொடுத்தது. மேஸ்திரிக்கு இரண்டு ரிப்போர்ட் வந்தன. ஆளுக்கு ஒன்றாக அனுப்பிவிட்டார். 8.05 முனிராஜுக்கு அவருடைய ரிப்போர்ட்டே கிடைத்தது. 7.20 முனிராஜின் உண்மையான சர்க்கரை 118. அவர் கையில் கிடைத்ததில் 312 என்று இருந்தது. டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். திங்கள்கிழமை தொடங்கி ஒன்பது நாள் சாப்பிட்டார். பத்தாம் நாள், ஜூன் 19 காலை 6.40க்குப் பெருக்கிக்கொண்டிருந்தவர் சர்க்கரை இறங்கி நடைபாதை விளிம்பில் விழுந்தார். நெற்றியில் நான்கு தையல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

லேப்பின் புகார் 24ஆம் தேதி வந்தது. மறுநாள் பதினோரு மணிக்குக் கூட்டம்.

கூட்டத்தை நடத்தியவர் ஆஷ்லி, குழுவின் தலைவர். அவர் சேர்ந்தது 2021இல். பழைய கதைகள் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டும் வசதி ஒன்று எல்லா மென்பொருள் ஆபீஸ்களிலும் உண்டு. அதற்குப் பெயரே ‘பிளேம்’, பழி என்பதுதான். ஆஷ்லி அதைப் போட்டு அந்த இருபத்து மூன்று வரிகளையும் சுவரில் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கத்தில் தர்ஷினி, தர்ஷினி, தர்ஷினி என்று மேலிருந்து கீழ் வரை ஒரே பெயர்.

“என்னாம்மா இது? ரிப்போர்ட் திரையும் நீ, இதுவும் நீ. இந்த மனுஷன் பதினஞ்சு வருஷமா கட்டிக் காத்த லைப்ரரிமா. ஆறு வருஷம் ஒழுங்கா ஓடுனது, நீ கை வெச்ச மூணே வாரத்துல கெட்டுப்போச்சா?”

தர்ஷினி எழுந்து நின்றாள். “சார், நான் ஸ்பேஸ் மட்டும்தான் மாத்தினேன்...” பிறகு எத்திராஜ் பக்கம் திரும்பினாள். “அண்ணா, ஸ்பேஸ் மாத்துறப்போ நான் ஏதாச்சும் தப்பாத் தொட்டுட்டேனா?”

இல்லை என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தச் சொல் எத்திராஜின் வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்து யாருடையது என்று கேட்பார்கள். அதற்கடுத்து அசோகனின் குறிப்பு வரும். எதிரே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் வைத்த பெயர்களை அவர் திருப்பி அனுப்பியவர்.

“பார்ப்போம்,” என்றார்.

மணி 11.17. அந்த நேரம் அவருக்கு நினைவிருக்கக் காரணம், அவளைப் பார்க்க முடியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததுதான்.

“சரி, என்ன ஆச்சுன்னு ஒரு நோட் எழுதிக் குடும்மா. லேப்புக்கு அனுப்பணும்,” என்றார் ஆஷ்லி. “கன்ஃபர்மேஷன அஞ்சாம் தேதி பாக்கலாம். இப்ப ஒண்ணும் ப்ராமிஸ் பண்ண மாட்டேன்.”

பிற்பகல் மூன்று மணிக்கு அவள் நோட்டை எழுதி எத்திராஜுக்கு அனுப்பினாள். “என் மாற்றத்தின்போது ஏற்பட்ட தவறு” என்று அதில் இருந்தது. “அண்ணா, இங்கிலீஷ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க” என்று கூடவே ஒரு வரி. ஒன்பது வரி நோட்டில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. எத்திராஜ் அதைத் திருத்தி 3.20க்குத் திருப்பி அனுப்பினார். அன்று நான்கு மணிக்கு டீ குடிக்கப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மறுநாளும் அப்படியே.

அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்ன விஷயம் என்று வீணா இரண்டு முறை கேட்டாள். ரிலீஸ் நெருக்கடி என்றார். சனிக்கிழமை, ஜூன் 29ஆம் தேதி காலை மெட்ரோ பிடித்து ஸ்ரீராம்புரம் போனார். புகார்க் கடிதத்தில் முனிராஜின் முகவரி இருந்தது.

முனிராஜ் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் கட்டுடன். மனைவி சந்திரம்மா பக்கத்தில் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“லேப்புலேந்தா வரே?” என்று சந்திரம்மா கேட்டார்.

“லேப் இல்லீங்கம்மா. லேப்புக்குக் கம்ப்யூட்டர் வேலை செஞ்சு குடுக்கற ஆபீஸ்.”

“ரெண்டும் ஒண்ணுதான். அந்த ஸ்டூல இஸ்துப் போட்டு ஒக்காரு.”

முனிராஜ் எழுந்திருக்கப் பார்த்தார். எத்திராஜ் பதறித் தடுத்தார். “இல்ல சார், என் மேலயும் தப்பு கீது,” என்றார் முனிராஜ். “டாக்டரு சாப்ட்டுட்டு மாத்திர போடுன்னாரு. நான் வெறும் டீயக் குடிச்சிட்டு, போட்டுக்குனு பூட்டேன். அஞ்சரைக்கு எவன் சார் சாப்புடுவான்?”

“இவரு எல்லாத்துக்கும் என் தப்புன்னுவாரு,” என்றார் சந்திரம்மா. “மழ பேஞ்சி ரோடு முழுக்க தண்ணி நின்னாலும் இவருதான் காரணம். இவரு பெரிய இன்ஜினியரு, பாரு!” பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். “அந்த ஸ்வர்ணா பொண்ணு கேக்கும், எந்தத் தெரு முனிராஜ்னு. இந்தத் தெருவுலயே ரெண்டு பேரு கீறாங்க. இப்ப இன்னாடான்னா ஃபோனுல வருதாம். ஃபோனு கேக்குமா?”

எத்திராஜ் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். “கேட்டிருக்கணும்மா. கேக்காத மாதிரி செஞ்சு வெச்சவன் நான்தான்.”

முனிராஜ் சிரித்துவிட்டார். “நீ ஒருத்தனா? அட வுடு சார். மிஷினு செய்ற தப்புக்கு நீ இன்னா பண்ணுவே?”

சந்திரம்மா சிரிக்கவில்லை. “வேணும்னே செஞ்சியா?”

“இல்லம்மா.”

“இப்பிடி வேணாம்னு யாருனா சொன்னாங்களா?”

இல்லை என்று சொல்ல இங்கே தடையொன்றும் இல்லை. இந்த வாசலுக்கு ‘பிளேம்’ வராது. “சொன்னாங்க,” என்றார் எத்திராஜ்.

“எப்போ?”

“ஆறு வருஷம் முன்னாடி.”

“ஓ. அப்போ உனக்கு வேற ஜோலி இருந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பூண்டை எடுத்தார்.

முனிராஜுக்கு வந்தவர் முகம் பார்க்கச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுவது போலக் கேட்டார்: “எங்க வேலையில எதுனா ஆச்சுன்னா, புச்சா சேந்தவன் தலயிலதான் கட்டுவாங்க. உங்க ஆபீசு எப்டி சார்?”

“அங்கயும் அப்படித்தான்.”

“அட பாவமே. யாரு தலயில கட்டுனாங்க?”

“ஒரு பொண்ணு. ஆறு மாசம் ஆகுது சேந்து.”

“நீ இங்க வந்தது அதுக்குத் தெரியுமா?” என்று சந்திரம்மா கேட்டார்.

“தெரியாதும்மா.”

“அப்போ தப்பான வூட்டுக்கு வந்துட்டே,” என்றார் சந்திரம்மா. கோபமாகச் சொல்லவில்லை, வழி தவறியவருக்குத் தெருவைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

ஜூலை 1, திங்கள்கிழமை காலை 9.40க்கு எத்திராஜ் ஆஷ்லியின் அறைக்குப் போனார். ‘பிளேம்’ வசதியில், இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல ஒரு வழி உண்டு. அதைப் போட்டுக் காட்டினார். இருபத்து மூன்று வரிகளிலும் தர்ஷினியின் பெயர் மறைந்து எத்திராஜின் பெயர் வந்தது. பிறகு அசோகனின் குறிப்பையும் தன் பதிலையும் திறந்து வைத்தார்.

ஆஷ்லி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மேன், அன்னிக்கு அந்தப் பொண்ணு உன்னப் பாத்துக் கேட்டாளே.”

“ஆமா.”

“உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“ச்சே,” என்றார் ஆஷ்லி. “ஆறு வருஷம் முன்னாடி பண்ணத மன்னிச்சுடலாம் மேன். எவன்தான் பண்ணல? இந்த ஆறு நாள என்னா பண்றது?”

தர்ஷினியின் நோட் 26ஆம் தேதியே லேப்புக்குப் போயிருந்தது. எத்திராஜ் புதிதாக ஒன்று எழுதினார், பதினான்கு வரிகள். வடிவமைத்தது தான், எச்சரிக்கப்பட்டதும் தான், தர்ஷினி இடைவெளிகளைத் தவிர எதையும் தொடவில்லை, அவள் அந்தப் பெயரை நம்பியது நியாயம் என்று எழுதி, லேப்புக்கும் இருபத்தேழு பேருக்கும் அனுப்பினார். யாரிடமும் பிழை பார்க்கக் கொடுக்கவில்லை.

பிறகு எழுந்து அவள் மேஜைக்குப் போனார். அவள் படித்து முடித்திருந்தாள். அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள்:

“என் நோட்டுல ஸ்பெல்லிங் திருத்திக் குடுத்தீங்களே, சார்.”

அண்ணா என்று சொல்லவில்லை. அவர் தன் இடத்துக்குத் திரும்பினார்.

ஐந்தாம் தேதி அவள் வேலை நிரந்தரமானது. எத்திராஜின் லைப்ரரியில் இனி எந்த மாற்றம் நடந்தாலும் அதைப் பயன்படுத்துகிற ஒருவர் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று புது விதி வந்தது. அந்த ஒருவர் தர்ஷினியாக இருக்கட்டும் என்று எத்திராஜ்தான் கேட்டுக்கொண்டார்.

அவர் ‘ஃபைண்ட் பேஷண்ட்’டை அடியோடு எடுத்தார். பழைய பெயரை ஒப்புக்குக்கூட விட்டுவைக்கவில்லை. பயன்படுத்திய அறுபத்து நான்கு இடங்களும் உடைந்தன. உடைந்தால்தான் ஒவ்வொரு இடத்திலும், இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிவரும். அதன் இடத்தில் இரண்டு ஃபங்ஷன்கள். ஒன்று, பதிவு எண்ணைக் கொடுத்தால் ஒருவரைத் தருவது. இன்னொன்று, பெயரைக் கொடுத்தால் ‘பொருந்துகிற எல்லா நோயாளிகளையும்’ பட்டியலாகத் தருவது. அதன் பெயரே அப்படித்தான் சொன்னது. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் தெருப் பெயர் இருக்கும். வீட்டுக்காரர் பெயர் இருக்காது.

ஜூலை 12, வெள்ளிக்கிழமை. லேப் அன்று மாலை ஆறு மணிக்குள் புது ரிலீஸ் வேண்டும் என்று நெருக்கியது. தர்ஷினி ஏழு குறிப்புகள் எழுதியிருந்தாள். ஆறுக்கு எத்திராஜ் உடனே திருத்தம் செய்தார். ஏழாவது இப்படி இருந்தது: “பட்டியலாகக் கொடுத்தால் அவசரத்தில் எல்லோரும் முதல் ஆளை எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அப்போது பழையபடிதானே ஆகும்?”

சரியான கேள்வி. அதைச் சரிசெய்ய வடிவத்தையே மாற்ற வேண்டும்; ஒரு நாள் வேலை. மணி 4.50. லேப்பிலிருந்து மூன்றாவது முறையாக ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. எத்திராஜின் விரல்கள் தாமாகத் தட்டின: “நல்ல பாயிண்ட். அடுத்த ரிலீஸ்ல பார்ப்போம்.”

அனுப்பியும்விட்டார்.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. அதில் ஒரு சொல்கூட இல்லை; ஒரு சுட்டி மட்டும் இருந்தது. அழுத்தினார். 2018 மார்ச் 14இன் பக்கம் திறந்தது. அசோகனின் குறிப்பு, அதற்குக் கீழே மாலை 5.52க்கு அவருடைய பதில். அதே சொற்கள், அதே வரிசையில்.

நிமிர்ந்து பார்த்தார். நான்கு மேஜை தள்ளி தர்ஷினி தன் திரையைப் பார்த்தபடி வேலை செய்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

லேப்புக்கு அவரே ஃபோன் செய்தார். திங்கள்கிழமைதான் ஆகும் என்றார். அவர்கள் கத்தினார்கள். தப்பு என்னுடையது என்றார். அதுவரை ரிப்போர்ட்டுகளை அச்சடித்துக் கவுண்டரிலேயே கொடுக்கச் சொன்னார். ஸ்வர்ணா கேட்டுக் கொடுப்பாள்.

சனிக்கிழமை முழுவதும் ஆபீஸில் தனியாக உட்கார்ந்து செய்தார். புது வடிவத்தில், பட்டியலிலிருந்து முதல் ஆளை அப்படியே எடுக்க முடியாது. ஒருவருடைய பதிவு எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். ஃபோனுக்கு அனுப்புகிற திரை அப்படித் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால், அனுப்பாமல் நின்று கவுண்டரைக் கூப்பிடும். திங்கள்கிழமை காலை 10.05க்கு தர்ஷினி ஒப்புதல் கொடுத்தாள். “ஓகே” என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நான்கு மணிக்கு எத்திராஜ் மாடியிறங்கினார். மஞ்சு கடையின் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஓரமாக நகர்ந்து இடம்விட்டாள்.

“பன்னி சார், பஹள தின ஆய்த்து,” என்றார் மஞ்சு. வாங்க சார், பார்த்து வெகு நாளாயிற்றே என்று கன்னடத்தில் அர்த்தம். பழக்கத்தில் கை இரண்டு கிளாஸ்களை எடுத்தது. “பை டூ தானே?”

எத்திராஜ் அவளைப் பார்த்தார்.

“எனக்கு வாங்கிட்டேன் சார்,” என்றாள். அவள் கையில் இருந்த கிளாஸில் முழு டீ இருந்தது. இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

மஞ்சு ஒரு கிளாஸைத் திரும்ப வைத்தார்.